ஏழு நிமிடம்

பிங் போகிறது.
கப்பலூரில் கிளம்பி
திருநகர், பழங்காநத்தம், மேம்பாலம்,
ஒரு சிக்னலிலும் நிற்காமல்
சிம்மக்கல் குடோனைத் தொட்டுத் திரும்ப
அதற்குப் பதினோரு மில்லிநொடி.
எனக்கு முக்கால் மணி நேரம்,
பஸ் கிடைத்தால்.

ஆக, வழி இருக்கிறது.
வீட்டில் ஆளும் இருக்கிறது.
கதவைத் தட்டினால்தான்
யார் நீ என்கிறது.

கணக்கு சர்வர் இங்கே.
சரக்கு சர்வர் அங்கே.
காலை ஆறு மணி லாரிக்கு
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி போல்ட்டும் நட்டும்
பில் இல்லாமல் கிடக்கின்றன.

போர்ட்டைப் பார்த்தேன், திறந்திருந்தது.
ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்தேன்,
நெஞ்சு படபடக்கத் திரும்பப் போட்டேன்.
கடவுச்சொல்லை மாற்றினேன்.
பழையதற்கே மாற்றினேன்.
கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்,
படித்ததெல்லாம் தீர்ந்தபின்
கையில் மிஞ்சுகிற வைத்தியம்.

போனில் அழகுமலை அண்ணாச்சி:
'எங்க பக்கம் எல்லாஞ் சரியாத்தான் இருக்கு ஹிதாயத்து.
அங்க என்னாண்டு அவுகளக் கேளு.'
பக்கத்து நாற்காலியில் தனபாக்கியம் அக்கா:
'இங்க ஒரு கோளாறும் இல்ல.
அங்க என்னத்தப் பண்ணித் தொலைச்சாகண்டு கேளு.'

கூடப் பிறந்தவர்கள்.
ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
ஒரு செக் என்கிறார் லாரி டிரைவர்.
மொய்ப் பணம் என்கிறார் வாட்ச்மேன்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
தம்பியிடம் என்ன இருக்கிறது என்று
அக்காவுக்குச் சொல்வது இந்த இணைப்பு.
அக்காவுக்கு என்ன வேண்டும் என்று
தம்பிக்குச் சொல்வதும் இதுவே.
நிமிடத்துக்கொரு தரம், ராவும் பகலும்.
அந்தக் குடும்பத்தில் மிச்சமிருக்கிற பேச்சு
மொத்தமும் இந்த ஒற்றைக் கம்பியில்.
அதை எந்த டிக்கெட்டிலும் எழுத இடமில்லை.

பதினொன்றே காலுக்கு மேல்
லாகை வரிவரியாக மேய்ந்தேன்.
இங்கே 11:16க்குப் புறப்பட்டது
அங்கே 11:09க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
எழுதுமுன்னே போய்ச் சேர்ந்த கடிதம்.

'அண்ணாச்சி, அந்த மெஷின்ல மணி என்ன?'
'பதினொண்ணு பதினொண்ணு.'
'உங்க கையில?'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'பதினொண்ணு பதினெட்டு.'

நாலணாக் காசு அளவு பேட்டரி ஒன்று
உள்ளே செத்துப்போயிருக்கிறது.
நேரத்தைத் தானாகத் திருத்தும் சேவையை
யாரோ எப்போதோ அணைத்திருக்கிறார்கள்.
ஐந்து நிமிட வித்தியாசம்வரை
பொறுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு.
அதற்குமேல் பிந்தி வருகிறவன்
எத்தன்தான் அதற்கு,
கடவுச்சொல் சரியாக இருந்தாலும்,
ஆள் அதே ஆளாக இருந்தாலும்.

பேட்டரி விடிந்துதான்.
இப்போதைக்குக் கையால் திருத்தலாம்:
இங்கே ஒருவர் நொடியைப் படிக்கவேண்டும்,
அங்கே ஒருவர் பட்டனைத் தட்டவேண்டும்.
என் இரண்டு கையும் கீபோர்டில்.
ஸ்பீக்கரைப் போட்டு
போனை மேசையில் வைத்தேன்.
அக்காவைப் பார்த்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து,
போனைப் பார்க்காமல்,
'பதினொண்ணு இருபத்தாறு...
அம்பத்தஞ்சு, அம்பத்தாறு...' என்றாள்.
தொண்டையைச் செருமிக்கொண்டாள்.
'அம்பத்தொம்போது. தட்டு.'

தட்டினார்.

பச்சை விழுந்தது.
பிரிண்டர் கனைத்துக்கொண்டு
முதல் பில்லைத் துப்பியது.
டிக்கெட்டில் எழுதினேன்:
காரணம், கடிகாரம் பிந்தியது.
தீர்வு, மணி சொல்லப்பட்டது.

போனை எடுக்கக் கை நீட்டினேன்.
அக்கா தடுத்தாள்.
'அந்த முக்காலிஞ்சு வாஷர்
எத்தன பெட்டி கெடக்கு?'

முப்பத்தெட்டு.
அவள் முகத்துக்கு நேரே, திரையில், பெரிதாக.

'இரு,' என்றது போன்.
'எண்ணிட்டு வந்து சொல்றேன்.'